கயிறு யார் கையில்?

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் செயலாளர் விடுதிக்கு வந்து கேட்டபோது, நான் வலது கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் அமர்ந்திருந்தேன். மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன் என்று உங்களில் பலர் நினைத்திருக்கிறீர்கள். உண்மை அதுவன்று. வானத்திலிருந்து குதிக்கக் கற்றுக்கொள்ளப் போனவள், தரையிலேயே விழுந்து திரும்பிவிட்டேன். வானத்தை எட்டிப் பார்க்கவே இல்லை என்பதுதான் இதில் வெட்கத்துக்குரிய செய்தி.

என்.சி.சி. மாணவிகளுக்கென ஆக்ராவில் நடக்கும் வான்குடைப் பயிற்சிக்கு நானும் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தேன். பாராசூட்டைத்தான் வான்குடை என்கிறேன். பெற்றோர் இருவரும் ஒப்புதல் தரவேண்டும் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். அதைத் திருநெல்வேலிக்கு அனுப்பினேன். பத்து நாள் வரை பதில் இல்லை. அப்பா அன்றே கையெழுத்திட்டுவிட்டார் என்றும், அம்மாதான் படிவத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு அதைப்பற்றிப் பேச மறுக்கிறாள் என்றும் தம்பி தொலைபேசியில் சொன்னான். பதினோராம் நாள் படிவம் வந்தது. அம்மாவின் கையெழுத்து வழக்கத்தைவிடச் சிறியதாய், ஓரமாய் ஒதுங்கியிருந்தது.

முகாமுக்குப் போன மறுநாளே விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று கனவு கண்டிருந்தேன். ஏமாந்தேன். முதல் நாள் முதற்கொண்டு அங்கே கற்பித்தது பறப்பதை அன்று, விழுவதை. ஓர் ஆள் உயரங்கூட இல்லாத மேடை. அதன் கீழே மணல். அதிலிருந்து நாள் முழுவதும் குதிக்க வேண்டும். இரு பாதங்களும் ஒட்டியிருக்க வேண்டும். முழங்கால்களும் ஒட்டியிருக்க வேண்டும், அவை சற்றே மடங்கியும் இருக்க வேண்டும். கண் தரையைத் தேடக் கூடாது. தொலைவில் நேராகப் பார்க்க வேண்டும். தரை தொட்டதும் நின்றுவிட முயலாமல் பக்கவாட்டில் சாய்ந்து, முன்பாதம், கெண்டைக்காலின் பக்கம், தொடை, இடுப்பு, முதுகின் பக்கம் என்று ஐந்து இடங்களில் வரிசையாக மண்ணைத் தொட்டு உருள வேண்டும்.

இவ்வளவும் எதற்காக? வட்ட வடிவான வான்குடையில் இறங்குகிறவர் நொடிக்கு ஐந்து, ஆறு மீட்டர் வேகத்தில் தரைக்கு வருகிறார். ஆறடி மதிலிலிருந்து குதித்தால் எவ்வளவு அடி விழுமோ அவ்வளவு அடி. அத்தனையையும் கணுக்கால் ஒன்றே தாங்கினால் முறியும். உடல் முழுவதும் பங்கிட்டுக்கொண்டால் ஒன்றும் ஆகாது. கூட்டுக் குடும்பத்தில் துன்பம் பங்கிடப்படுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எனக்கோ ஒரு தீராத கெட்ட பழக்கம்: கடைசி நொடியில் கண் தரையைத் தேடும். தரையைக் கண்டதும் கால் அதை எட்டிப் பிடிக்க நீளும், பாதங்கள் பிரியும். ஆசிரியர் நூறு முறை திருத்தினார். ஐந்தாம் நாள் மாலை, வலது கால் மட்டும் முந்திக்கொண்டு தரையைத் தொட்டது. குற்றம் முழுவதும் என்னுடையதே. கணு வீங்கியது, மருத்துவர் பார்த்துவிட்டுப் பயிற்சி போதும் என்றார். என் தோழியர் முதுகில் பெரிய பொதியும் மார்பில் சிறிய பொதியுமாக வரிசையில் நின்று விமானம் ஏறியதை, நான் முகாமின் திண்ணையில் அமர்ந்து பார்த்தேன். சற்று நேரத்துக்கெல்லாம் வானத்தில் வெள்ளைக் குடைகள் ஒவ்வொன்றாய் மலர்ந்தன. அழகாகத்தான் இருந்தது. அழுகையும் வந்தது.

விடுதிக்குத் திரும்பியபின் நூலகத்திலிருந்து வான்குடை பற்றிய நூல்களை வரவழைத்துப் படித்தேன். அப்போதுதான் ஓர் அம்மையாரைச் சந்தித்தேன். அவர் மறைந்து பல்லாண்டுகள் ஆகின்றன. வானிலிருந்து குதிப்போர் உலகில் அவர் பெயரை அறியாதவர் குறைவு. நம்மிடையே அறிந்தவர் குறைவு. அவர்தாம் டைனி பிராட்விக்.

அமெரிக்க நாட்டின் வட கரோலினா மாநிலத்தில், கிரான்வில் என்னும் நாட்டுப்புறத்தில், 1893-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்கு இட்ட பெயர் ஜார்ஜியா ஆன் தாம்ப்சன். பிறந்தபோது அதன் எடை 3 பவுண்டுதான். ஒன்றரைக் கிலோகூட இல்லை. இது தங்குமா என்று சுற்றத்தார் ஐயுற்றிருப்பர். குழந்தை தங்கியது; ஆனால் வளரத்தான் இல்லை. முழுதும் வளர்ந்த பின்னும் நான்கடியைச் சற்றே தாண்டிய உயரம், 85 பவுண்டு எடை. ஆகவே எல்லோரும் டைனி என்று அழைத்தார்கள். நம் ஊரில் ‘பொடிசு’ என்று செல்லமாக அழைப்போமே, அதே பொருள்தான்.

உடல் சிறுத்திருந்தது, பட்ட துன்பம் சிறியதன்று. 12 வயதில் மணம். 13 வயதில் கையில் ஒரு பெண் குழந்தை. அதன் பெயர் வெர்லா. கணவனின் துணையும் நிலைக்கவில்லை. பஞ்சாலையில் நாளெல்லாம் உழைத்துத் தானும் தின்று குழந்தைக்கும் ஊட்ட வேண்டிய நிலை. பள்ளிக்குப் போக வேண்டிய வயதில், பஞ்சுத் தூசியைச் சுவாசித்துக்கொண்டு தறி ஓசைக்கு நடுவே நின்றவள் அந்தச் சிறுமி. இந்தக் கதை நமக்குப் புதிதா? நம் ஊர்களிலும் இப்படி எத்தனை சிறுமியர் இருந்தனர்!

1907-ஆம் ஆண்டு ராலே நகரில் ஒரு களியாட்ட விழா நடந்தது. அங்கே சார்லஸ் பிராட்விக் என்பவரின் குழுவினர் ஒரு வித்தை காட்டினர். நம் பாட்டன்மார் புகைக்கூண்டு என்று அழைத்த வெப்பக்காற்றுப் பலூன்தான் அவர்களுடைய கருவி. நிலத்தில் குழி வெட்டித் தீ மூட்டுவார்கள். அதன் சூடான புகை துணிப் பலூனுக்குள் ஏறும். பலர் கயிறுகளைப் பிடித்து அதை அடக்கி வைத்திருப்பார்கள். பலூன் பருத்து இழுக்கத் தொடங்கியதும் கயிறுகளை விட்டுவிடுவார்கள். அடியில் தொங்கும் ஊஞ்சற்கட்டையில் ஒருவர் அமர்ந்து மேலே போவார். உயரத்தை அடைந்ததும் தம்மைப் பலூனிலிருந்து விடுவித்துக்கொண்டு வான்குடையில் இறங்குவார். 14 வயதுப் பஞ்சாலைப் பெண் இதைக் கண்டாள். கூட்டத்தில் இருந்தோர் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவள் போகவில்லை. அந்தக் குழுவின் தலைவரைத் தேடிச் சென்று தன்னையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டாள்.

அவள் தாய் என்ன செய்தாள்? பேத்தியைத் தான் வைத்துக்கொண்டு மகளைப் போகவிட்டாள். ஊர் ஊராய்ச் சென்று ஈட்டும் பணத்திலிருந்து குழந்தைக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. சார்லஸ் பிராட்விக் அவளைத் தம் மகளாகத் தத்து எடுத்துக்கொண்டார். ஜார்ஜியா தாம்ப்சன் அன்றிலிருந்து டைனி பிராட்விக் ஆனாள்.

1908 டிசம்பர் 28-ஆம் நாள் அவள் முதன்முறையாகப் பலூனிலிருந்து குதித்தாள். அப்போது வயது 15. அதன்பின் ஊர் ஊராகக் காட்சி. சுருக்கங்கள் வைத்த பாவாடைக் காற்சட்டை, கையில் பட்டுநாடா, தலையில் குழந்தைக் குல்லாய். இவற்றை அணிவித்துப் ‘பொம்மைப் பெண்’ என்று விளம்பரம் செய்தார்கள். அந்த உடையை அவள் வெறுத்தாள். ஒரு குழந்தைக்குத் தாயானவளைப் பொம்மையாக்கிக் காட்டினால் பிடிக்குமா? ஆனால் குதிப்பதை அவள் உயிராக நேசித்தாள். உடைக்காக வேலையை விடவுமில்லை. வேலைக்காக உடையை விரும்பவுமில்லை.

அந்தக் காலத்து வான்குடையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 1797 அக்டோபர் 22-இல் பாரிஸ் நகரில் கார்னரின் என்பவர் பலூனிலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் தம் பட்டுக் குடையை விடுவித்துக்கொண்டு இறங்கினார். உச்சியில் துளை இல்லாத குடை அது. உள்ளே அடைபட்ட காற்று ஒருமுறை இந்த விளிம்பாலும் மறுமுறை அந்த விளிம்பாலும் வெளியேறியது. எனவே அவர் கோயில் மணியின் நாக்குப்போல் ஊசலாடிக்கொண்டே வந்து சேர்ந்தார். பிற்காலத்தார் குடையின் உச்சியில் ஒரு துளை வைத்தனர்; ஆட்டம் குறைந்தது. ஆனால் திருப்புவதற்கு வழி அப்போதும் பெரிதாக இல்லை. காற்று கொண்டுபோய் விடுகிற இடமே இறங்குமிடம். டைனி மரங்களில் இறங்கினார். ஓடும் இரயிலின் கூரையிலும் காற்றாலையிலும்கூட இறங்கினார் என்பர். கை முறிந்ததுண்டு, தோள் பிசகியதுண்டு, கணுக்கால் பல முறை அடிபட்டதுண்டு. ஐந்து இடங்களில் மண்ணைத் தொட்டு உருளும் முறையை அவருக்கு வகுத்துச் சொல்லிக்கொடுக்க மணல்மேடையுள்ள பள்ளி ஏதும் இல்லை. அவர் உடம்பே அவருக்குப் பள்ளி.

காலம் மாறியது. மக்களுக்குப் பலூன் சலித்து விமானம் பிடித்தது. சார்லஸ் பிராட்விக் புதுவகைப் பொதி ஒன்றைச் செய்திருந்தார். பட்டுக் குடையை மடித்து, சட்டைபோல் மாட்டிக்கொள்ளும் கித்தானின் முதுகுப் பையில் அடக்கியிருந்தார். பையைத் திறப்பது ஒரு கயிறு. அதன் மறுமுனை விமானத்தில் கட்டப்பட்டிருக்கும். குதிக்கிறவரின் எடை கயிற்றை இழுக்க, பை திறந்து குடை விரியும். இன்று படைப்பயிற்சி பெறுகிற தொடக்கநிலை மாணவர்கள் குதிப்பதும் இதே தத்துவத்தில்தான். விமானத்தின் உள்ளே ஓடும் கம்பியில் கயிற்றின் கொக்கியை மாட்டிவிட்டு, வாயிலைத் தாண்டி, நான்கு வரை எண்ணி, தலை நிமிர்ந்து குடை விரிந்ததா என்று பார்க்க வேண்டும். கயிறு விமானத்தின் கையில். மாணவர் செய்ய வேண்டியது குதிப்பது ஒன்றே.

1913 ஜூன் 21-ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கிளென் மார்ட்டின் ஓட்டிய விமானத்தில் டைனி ஏறினார். விமானத்தின் உள்ளே இடமில்லை. இறக்கையின் அருகே பொருத்தப்பட்ட தொங்கும் இருக்கை ஒன்றுதான். 2,000 அடி உயரத்தில் இருக்கையை விடுவித்துக்கொண்டு அவர் விழுந்தார், கயிறு இழுத்தது, குடை விரிந்தது. விமானத்திலிருந்து வான்குடையில் குதித்த முதற்பெண் என்னும் புகழ் பஞ்சாலைச் சிறுமிக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 20.

அடுத்த ஆண்டு, 1914-இல், அமெரிக்கப் படையினர் இந்தப் பொதியைச் சோதித்துப் பார்க்க விரும்பினர். சான் டியேகோவில் அதிகாரிகள் முன்னிலையில் டைனி குதித்துக் காட்டினார். மூன்று குதிப்புகள் ஒழுங்காக முடிந்தன. நான்காம் குதிப்பில் அந்தக் கயிறு விமானத்தின் வாற்பகுதியில் சிக்கிக்கொண்டது. காப்பாற்ற வேண்டிய கயிறே சுருக்காயிற்று! அப்போது அவர் ஒரு முடிவு செய்தார். கையால் பிடிக்கும் அளவுக்குச் சிறு துண்டை மட்டும் விட்டுவிட்டுக் கயிற்றை வெட்டிவிட்டார். அந்தக் கணமே வானத்தில் வெட்டினார் என்று சிலர் எழுதுகின்றனர். அடுத்த குதிப்புக்கு முன் வெட்டினார் என்று வேறு சிலர் எழுதுகின்றனர். எப்படியாயினும், விமானத்தோடு எந்தப் பிணைப்பும் இல்லாமல் அவர் விழுந்தார். விழுந்துகொண்டிருக்கையில் அந்தத் துண்டுக் கயிற்றைத் தம் கையாலேயே இழுத்தார். குடை விரிந்தது. தரையில் வந்து நின்றார்.

நண்பர்களே, இதன் பொருளைச் சற்று நினைத்துப் பாருங்கள். தீப்பற்றியோ உடைந்தோ சுழன்று விழும் விமானத்தில், விமானத்தோடு கட்டிய கயிறு எந்த நேரத்திலும் எதிலும் சிக்கலாம். விமானி அதிலிருந்து விலகி விழுந்து, தான் வேண்டும்போது, தன் கையால் குடையைத் திறக்க முடிந்தால்தான் பிழைப்பான். தரையிலிருந்து அவ்வளவு உயரத்தில் விழுகிற மனிதனுக்கு அறிவு மயங்கிவிடும், கை எழாது என்று அக்காலத்தில் பலர் நம்பினர். நான்கடிப் பெண்ணொருத்தியின் கை எழுந்தது.

ஆனால் உலகம் உடனே கற்றுக்கொள்ளவில்லை. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போரில் நேச நாட்டு விமானிகள் வான்குடை இல்லாமலே பறந்தனர். எரியும் விமானத்தோடு எரிந்தனர். போர் முடிந்தபின், 1919 ஏப்ரல் 28-இல் லெஸ்லி இர்வின் என்பவர் ஒஹையோ மாநிலத்தில், கையால் இழுக்கும் கயிறு கொண்ட புதிய படைப்பொதியுடன் குதித்துக் காட்டினார். குடை குறையின்றி விரிந்தது. இறங்கும்போது கணுக்கால்தான் முறிந்தது! இதைப் படித்தபோது, என் கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு சிரித்தேன்.

டைனி அம்மையாரும் இறுதியில் தோற்றது வானத்திடம் அன்று, கணுக்காலிடம்தான். 1,000-க்கும் மேற்பட்ட குதிப்புகளைத் தாங்கிய கால்கள் இனி முடியாது என்றன. 1922-இல் அவர் குதிப்பதை நிறுத்தினார். வயது 29. அதே 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள், ஒஹையோவில் ஹரால்டு ஹாரிஸ் என்னும் படை விமானி, வானிலேயே குலைந்துபோன தம் விமானத்தைவிட்டுக் குதித்தார். விழுந்துகொண்டே கயிற்றைத் தேடிப் பிடித்துத் தம் கையாலேயே இழுத்து உயிர் பிழைத்தார். அதன்பின் அப்படிப் பிழைத்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர்.

பிற்காலத்தில் டைனியை உலகம் மறக்கவில்லை. விமானத் துறையின் முன்னோடிகள் வரிசையில் இடம்பெற்ற மிகச் சில பெண்களுள் அவரும் ஒருவரானார். 1964-இல் தம் பழைய பட்டு வான்குடையை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். 1978 ஆகஸ்டு 25-ஆம் நாள், 85-ஆம் வயதில் மறைந்தார். பிழைக்குமா என்று ஐயுறத்தக்க 3 பவுண்டுக் குழந்தை, அத்தனை முறை வானிலிருந்து விழுந்தும், 85 ஆண்டு வாழ்ந்தது. வட கரோலினாவின் ஹெண்டர்சன் நகரில் சொந்த மண்ணிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

இந்த வரலாற்றை நான் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஓர் எண்ணத்தோடுதான் சொன்னேன் என்பதை மறைக்கவில்லை. கால் குணமாகிவிட்டது, அடுத்த முகாமுக்கு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று அதிகாரி கூறியிருக்கிறார், மீண்டும் ஒரு படிவம், மீண்டும் ஒரு கையெழுத்து. டைனியின் வீரத்தைக் கேட்டு அம்மா மனம் இளகுவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். விமானத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றைப் பற்றியும் கேட்கவில்லை. அந்தப் பச்சைக் குழந்தை வெர்லாவை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று மட்டும் கேட்டாள்.

பாட்டிதான் வளர்த்தாள் என்றேன். அம்மா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அப்படியானால் அந்தப் பாட்டியின் பெயர் ஏன் எந்தப் புத்தகத்திலும் பெரிதாக இல்லை என்று கேட்டாள்.

எனக்கு மறுமொழி தெரியவில்லை. அன்று இரவு நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தன் கையால் கயிற்றை இழுத்தவளின் துணிவைத்தான் நான் கண்டேன். அவள் கையில் கயிறு வருவதற்காகத் தன் கையில் இருந்த கயிற்றை விட்டவள் ஒருத்தி, வீட்டில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாளே, அவளை நான் காணவில்லை. பிள்ளையைப் போகவிடுவதும் ஒரு குதிப்புத்தான். அதற்கு மணல்மேடைப் பயிற்சி இல்லை. மார்பில் கட்டிய இரண்டாவது பொதியும் இல்லை. பத்து நாள் சாமி படத்துக்குப் பின்னால் இருந்த படிவத்தின்மேல் எனக்கு அப்போது வந்த கோபத்தை நினைத்து நாணினேன்.

வீட்டைவிட்டு இவ்வளவு தொலைவு வந்து படிக்கும் நாம் எல்லோரும், ஒரு வகையில், விமானத்தோடு கட்டிய கயிற்றில் குதித்தவர்கள்தாம். மாதந்தோறும் வரும் பணம், வாரந்தோறும் வரும் குரல், ஊறுகாய்ப் பொட்டலம், எல்லாம் அந்தக் கயிற்றின் இழைகள். ஒருநாள் நம் கையால் நாமே இழுக்க வேண்டியிருக்கும். அதற்குக் கற்றுக்கொள்ளவே இங்கே வந்திருக்கிறோம். கற்கும்போது கணுக்கால் பிசகலாம், அதனால் குற்றமில்லை. டைனி அம்மையார் ஒவ்வொரு முறை விழுந்தும் எழுந்தது போல் நாமும் எழலாம்.

இரண்டாவது படிவம் சென்ற திங்கட்கிழமை ஊரிலிருந்து வந்து சேர்ந்தது. போய்வர நான்கு நாள்தான் ஆயிற்று. அம்மாவின் கையெழுத்து இந்த முறை உரிய கட்டத்துக்குள் முழு அளவில் இருக்கிறது. அதனோடு ஒரு சிறு புட்டியில் காயத்திருமேனி எண்ணெயும் அனுப்பியிருக்கிறாள்.

நாள்தோறும் காலையில் விடுதிக்குப் பின்புறமுள்ள சிறு திட்டிலிருந்து குதித்துப் பழகுகிறேன். பாதங்கள் ஒட்டியிருக்கின்றன. கண் மட்டும் இன்னும் சில வேளை தரையைத் தேடுகிறது. முகாம் தொடங்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.